பத்து பவுண்டுக்கு வாங்கிய கவுன்கள்: தொலைந்த நாடகத்தைத் தேடிப் போகும் வழி

1599 செப்டம்பர் 12. லண்டனில் ஒரு கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி ஏறுகிறது. 'பேஜ் ஆஃப் பிளிமத்' நாடகத்துக்குப் பெண்கள் உடுத்தும் கவுன் வாங்க 10 பவுண்டு. பணத்தைக் கைநீட்டி வாங்கிப் போனவர்கள் இரண்டு நடிகர்கள். அந்தக் கவுன்கள் என்றைக்கோ மட்கிப் போயிருக்கும். நாடகமும் இல்லை, அதில் ஒரு வசனம்கூட நம் கைக்கு வரவில்லை. செலவுக் கணக்கு மட்டும் நானூறு ஆண்டுகள் தாண்டி வந்திருக்கிறது.

இப்படி ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு நாடகத்தைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்? நாம் நினைப்பதைவிட நிறையவே சொல்ல முடியும். அதை எப்படிச் சொல்கிறார்கள், எங்கே நிறுத்திக்கொள்கிறார்கள் என்பதைத்தான் இங்கே எளிமையாகப் பார்க்கப் போகிறோம்.

முதலில் 'தொலைந்த நாடகம்' என்றால் என்ன? எழுதப்பட்டது, பெரும்பாலும் மேடையிலும் ஏறியது என்று நமக்குத் தெரியும். ஆனால் பிரதி கிடைக்கவில்லை. பெயராவது தெரிந்தால்தான் தேடலைத் தொடங்க முடியும். 1567 முதல் 1642 வரை லண்டன் அரங்குகளுக்காக ஏறத்தாழ 3,000 நாடகங்கள் எழுதப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அவற்றில் முழுதாகக் கிடைப்பவை 550க்கும் குறைவு. பெயரோ வேறு ஏதாவது அடையாளமோ மட்டும் மிஞ்சியவை 700க்கு மேல். மற்றவற்றின் பெயர்கூட நமக்குத் தெரியாது. ஷேக்ஸ்பியர் காலத்து நாடகம் என்று நாம் படிப்பதெல்லாம் அந்த மொத்தத்தில் ஒரு சிறு பங்குதான். இந்தக் கணக்கை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஏன் இவ்வளவு தொலைந்தது? அந்தக் காலத்தில் நாடகம் எழுதியவருக்குச் சொந்தமில்லை. குழு காசு கொடுத்து வாங்கிவிடும், அதோடு அது குழுவின் சொத்து. அரசு அதிகாரி பார்த்து அனுமதி தந்த முழுப் பிரதி பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். நடிகர்களுக்கு அவரவர் வசனத்தை மட்டும் தனித்தனியாக எழுதிச் சுருளாகக் கொடுப்பார்கள். அச்சுக்குப் போவது குழுவுக்கு அவசியமாகத் தோன்றவில்லை. 1621 டிசம்பரில் ஃபார்ச்சூன் அரங்கம் தீப்பிடித்து எரிந்தது. இரண்டே மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது, உடைகளும் நாடகப் பிரதிகளும் போய்விட்டன என்று அந்த வாரமே லண்டன்காரர் ஒருவர் கடிதத்தில் எழுதினார். 'பேஜ் ஆஃப் பிளிமத்' நாடகத்தை வாங்கிய குழுவின் வழிவந்தவர்கள்தான் அங்கே நடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாடகத்தின் பிரதி அந்தத் தீயில்தான் போனதா என்பதற்கு ஆதாரமில்லை. ஆனால் சந்தேகப்பட இடமிருக்கிறது.

அடுப்படியில் போனதும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் ஜான் வார்பர்ட்டன் என்பவர் ஐம்பதுக்கு மேற்பட்ட பழைய நாடகக் கையெழுத்துப் பிரதிகளைச் சேர்த்து வைத்திருந்தார். அவர் வீட்டுச் சமையல்காரப் பெண் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அடுப்பு மூட்டவும் பை பலகாரத்துக்கு அடியில் விரிக்கவும் பயன்படுத்திவிட்டாள் என்று அவரே குறிப்பெழுதி வைத்திருக்கிறார். தப்பியவை மூன்று சொச்சம். அவர் பட்டியலில் இருந்த அத்தனையும் உண்மையிலேயே அவரிடம் இருந்தனவா என்று பிற்காலத்தில் கேள்வி எழுந்தது. பட்டியல் என்னவோ இன்றும் இருக்கிறது.

சரி, தடயங்கள் எங்கே கிடைக்கின்றன? மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வரும் பெயர் பிலிப் ஹென்ஸ்லோ. தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் 1587இல் ரோஸ் அரங்கைக் கட்டியவர். அடகுப் பிடிப்பவர், வீடுகளை வாடகைக்கு விடுபவர், நாடகக் குழுக்களுக்குக் கடன் கொடுப்பவர். இந்த மனிதர் வைத்திருந்த கணக்குப் புத்தகத்தைத்தான் 'ஹென்ஸ்லோவின் டயரி' என்கிறார்கள். பெயரைக் கேட்டு மனதில் பட்டதையெல்லாம் எழுதிய நாட்குறிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். அது ஒரு பேரேடு. அதுவும் புதியது இல்லை. அவருடைய சகோதரர் ஜான், ஆஷ்டவுன் காட்டில் நடந்த தொழில் கணக்குகளை எழுதி வைத்திருந்த நோட்டு. இவர் அதைத் தலைகீழாகத் திருப்பி, மறுமுனையிலிருந்து தன் கணக்கை எழுதத் தொடங்கினார்.

அது நம் கைக்கு வந்து சேர்ந்தது ஒரு கல்யாண உறவால். ஹென்ஸ்லோவின் மனைவிக்கு முதல் கணவர் மூலம் பிறந்த மகளை மணந்தவர் எட்வர்ட் ஆலன், அந்தக் காலத்தின் பெரிய நடிகர். ஆலன் 1619இல் டல்விச் என்ற இடத்தில் கல்லூரி ஒன்றை நிறுவினார். மாமனாரின் காகிதங்கள் அங்கே போய்ச் சேர்ந்தன, இன்றும் அங்கேயே இருக்கின்றன. இணையத்தில் அவற்றின் படங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். பார்த்தால் முதலில் தலை சுற்றும். எழுத்து கிறுக்கல், எழுத்துக்கூட்டல் மனம்போன போக்கு. 'பிளிமத்' என்ற ஊர் 'ப்ளெமத்' ஆகிவிடும், 'பேஜ்' என்பது 'பாக்கே' போலத் தெரியும். வாயில் வந்த ஒலியை அப்படியே எழுதுகிற மனிதர் என்று பழகிவிட்டால், வரிகளை வாய்விட்டுப் படிக்கும்போது புரிய ஆரம்பிக்கும்.

இந்தப் பேரேட்டில் இரண்டு விதமான வரிகள் நமக்கு வேண்டும். முதல் வகை வசூல் வரி: தேதி, நாடகத்தின் பெயர், அன்று ஹென்ஸ்லோவின் பங்குக்கு வந்த தொகை. 1592 பிப்ரவரியில் தொடங்கி, இடையில் பிளேக் நோயால் அரங்கம் மூடியிருந்த மாதங்கள் போக, 1597 நவம்பர் வரை இவை கிடைக்கின்றன. எந்த நாடகம் கூட்டத்தை இழுத்தது, எது சில நாளிலேயே படுத்துவிட்டது என்பதை இதில் கண்ணால் பார்க்கலாம். இரண்டாவது வகை செலவு வரி: எழுத்தாளருக்கு முன்பணம், மீதிப் பணம், துணிமணி, அனுமதிக் கட்டணம். 1597க்குப் பிறகு பெயர் போட்ட வசூல் வரிகள் நின்றுவிடுகின்றன, செலவு வரிகள் பெருகுகின்றன. இந்த மாற்றத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம்முடைய கவுன் வரிக்கு அது ஏன் முக்கியம் என்று இதோ சொல்கிறேன்.

'பேஜ் ஆஃப் பிளிமத்' பற்றிப் பேரேட்டில் மூன்று வரிகள் உண்டு. 1599 ஆகஸ்ட் 10: பென் ஜான்சனும் தாமஸ் டெக்கரும் எழுதிக்கொண்டிருக்கும் புத்தகத்துக்கு முன்பணம் 40 ஷில்லிங். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஆக 2 பவுண்டு. செப்டம்பர் 2: இதே இருவருக்கும் மீதிப் பணம் 6 பவுண்டு. இந்த இடத்தில் பெயர் கொஞ்சம் நீண்டு, 'பரிதாபமான துன்பியல் நாடகம்' என்ற அடைமொழியோடு வருகிறது. செப்டம்பர் 12: நாம் தொடங்கிய கவுன் வரி.

இப்போது இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்பணத்துக்கும் மீதிக்கும் நடுவே 23 நாள். ஒரு முழு நாடகத்தை இரண்டு பேர் சேர்ந்து மூன்று வாரச் சொச்சத்தில் முடித்திருக்கிறார்கள். முன்பணம் வாங்கும் முன்பே கொஞ்சம் எழுதியிருக்கலாம், இருந்தாலும் வேகம் வேகம்தான். அடுத்தது விலை. அப்போது ஒரு புதிய நாடகத்துக்குக் கிடைத்த வழக்கமான தொகை 6 பவுண்டு பக்கம். இதற்கு மொத்தம் 8 பவுண்டு போயிருக்கிறது. குழு இந்தக் கதைமேல் நம்பிக்கை வைத்திருந்தது. அதைவிடப் பெரிய விஷயம், எழுதியவர்களுக்குக் கொடுத்ததைவிடக் கவுனுக்கு அதிகம் கொடுத்திருக்கிறார்கள்.

கவுன் வரி இன்னொன்றையும் சொல்கிறது. காசு கொடுத்து வாங்கிய நாடகமெல்லாம் மேடையேறியது என்று சொல்லிவிட முடியாது. 1599இல் பெயர் போட்ட வசூல் வரிகள் கிடையாது. அப்படியானால் இது நடிக்கப்பட்டதா என்று எப்படித் தெரியும்? மேடை ஏற்றும் எண்ணமில்லாத நாடகத்துக்கு யாரும் 10 பவுண்டு கொடுத்துத் துணி எடுக்க மாட்டார்கள். தையற்காரரும் உடைக்காரரும் வேலையில் இறங்கிவிட்டார்கள் என்றால் ஒத்திகையும் தொடங்கிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இனி பேரேட்டை மூடிவிட்டு வெளியே போக வேண்டும். பெயரில் ஓர் ஊர் இருக்கிறது, ஓர் ஆள் இருக்கிறார். இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் பகுதியில், பிளிமத் துறைமுகத்தில் பேஜ் என்ற வயதான வணிகர் 1591 பிப்ரவரியில் இரவில் படுக்கையிலேயே கழுத்து நெரிக்கப்பட்டு இறந்தார். மனைவி யூலாலியா. டாவிஸ்டாக் ஊர் வணிகர் ஒருவரின் மகள். ஜார்ஜ் ஸ்ட்ராங்விட்ஜ் என்ற இளைஞனை விரும்பியவள். அப்பா பேச்சுக்குக் கட்டுப்பட்டுப் பணக்காரக் கிழவரைக் கட்டிக்கொண்டாள். கொலையைச் செய்தவர்கள் அவளும் ஸ்ட்ராங்விட்ஜும் கூலிக்கு ஏற்பாடு செய்த இரண்டு பேர். அடுத்த மாதமே நால்வரும் பார்ன்ஸ்டபிள் ஊரில் தூக்கிலிடப்பட்டார்கள். இந்தச் சம்பவத்தைப் பற்றி உடனே ஒரு சிறு பிரசுரம் அச்சானது. தெருவில் விற்கும் பாடல்களும் வந்தன. அவற்றில் ஒன்று யூலாலியாவே பாடுவதுபோல அமைந்தது. தூக்குமேடைக்கு வந்து நிற்கும் டெவன் பகுதிப் பெண்களைப் பார்த்து, என் கதியைப் பாருங்கள், உங்கள் பிள்ளைகளுக்காவது நல்லது செய்யுங்கள் என்று அவள் கேட்கிறாள். பேராசைக்காரப் பெற்றோரைச் சாடுகிறாள்.

ஆக, நாடகத்தின் வசனம் நம்மிடம் இல்லாவிட்டாலும் கதையின் எலும்புக்கூடு இருக்கிறது. இதற்கும் கவுனுக்கும் முடிச்சுப் போடலாம். ராஜாக்கள் கதையாக இருந்தால் குழுவின் பெட்டியில் ஏற்கெனவே கிடந்த உடைகளை வைத்து ஒப்பேற்றியிருக்கலாம். இதுவோ எட்டே ஆண்டுக்கு முன் நடந்த, எல்லோருக்கும் தெரிந்த வணிகர் வீட்டுக் கதை. வசதியான வீட்டுப் பெண்கள் அப்போது உடுத்திய மாதிரி உடுத்த வேண்டும். பெண் வேடம் போட்டவர்கள் பையன்கள்தான், பார்ப்பவர்கள் நம்ப வேண்டுமானால் துணி சரியாக இருக்க வேண்டும். மையத்தில் பெண் பாத்திரம் இருந்தது, பெண் வேடங்கள் ஒன்றுக்கு மேல் இருந்தன என்று ஊகிக்க இதில் இடமிருக்கிறது. நாடகம் யூலாலியா பக்கம் நின்றதா, அவளைக் கொடியவளாகக் காட்டியதா? பாடல் அவள் பக்கம் நிற்கிறது என்பதற்காக நாடகமும் அப்படித்தான் என்று சொல்லக் கூடாது. துணிக்கணக்குக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது. நான் ஆசைப்பட்டாலும் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. இந்த வேலையில் முதலில் கைவர வேண்டிய பழக்கம் அதுதான்.

இந்த நாடகம் தொலைந்ததற்கு ஜான்சனுக்கும் ஒரு பங்கு உண்டு. 1616இல் அவர் தன் நாடகங்களைப் பெரிய தொகுப்பாக அச்சிட்டார். தானே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். கூட்டாக எழுதியவற்றை அதில் சேர்க்கவில்லை. அவர் மனது வைத்திருந்தால் இன்று நாம் யூலாலியாவின் குரலைக் கேட்டிருப்போம்.

பணத்தைப் போலவே பொருளும் பேசும். 1598 மார்ச் மாதம், 'பேஜ் ஆஃப் பிளிமத்' நாடகத்தை வாங்கிய அதே அட்மிரல் குழுவின் மேடைப் பொருள்களை வரிசையாக எண்ணி ஒரு பட்டியல் போட்டார்கள். பாறை ஒன்று, கல்லறை ஒன்று, நரக வாய் ஒன்று, சிங்கத்தோல் ஒன்று, ரோம் நகரம் ஒன்று என்று போகிறது. ரோம் நகரம் தீட்டிய திரையாக இருக்கலாம். அந்தப் பட்டியலில் 'ஃபேதனின் கைகால்களும் ஃபேதனின் தேரும்' என்று ஒரு வரி இருக்கிறது. பேரேட்டைப் புரட்டினால், அதே ஆண்டு ஜனவரியில் டெக்கர் எழுதிய 'ஃபேதன்' என்ற நாடகத்துக்கு 4 பவுண்டு கொடுத்த கணக்கு இருக்கிறது. நாடகம் தொலைந்துவிட்டது. கதை கிரேக்கப் புராணம்: சூரியனின் மகன் அப்பாவின் தேரை ஓட்ட ஆசைப்பட்டு, அடக்க முடியாமல் உலகத்தையே எரிக்கப் பார்க்க, இடி அவனை அடித்து வீழ்த்துகிறது. மேடையில் உண்மையிலேயே ஒரு தேர் வந்திருக்கிறது. கடைசியில் அவனுடைய சிதைந்த உடலைக் காட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கத் தோன்றுகிறது, இல்லாவிட்டால் தனியாகக் கைகால்கள் எதற்கு? ஒரு மூலையில் மரத்தாலோ துணியாலோ செய்த கைகால்கள் கிடக்க, யாரோ ஒருவர் குனிந்து எண்ணிப் பட்டியலில் எழுதுகிற காட்சி என் மனதைவிட்டுப் போவதே இல்லை. அந்தப் பட்டியலின் மூலத்தாளும் இப்போது இல்லை. எட்மண்ட் மலோன் என்ற ஆய்வாளர் 1790இல் அதை அச்சில் ஏற்றியதால்தான் நமக்குத் தெரிகிறது.

இன்னொரு வகைத் தடயம், மேடைக்குப் பின்னால் தொங்கிய தாள். யார் எப்போது உள்ளே வர வேண்டும் என்று காட்சி காட்சியாகக் கட்டம் போட்டு எழுதி, மேலே ஒரு துளை வெட்டி ஆணியில் மாட்டிவிடுவார்கள். 'பிரெடரிக்கும் பசிலியாவும்' என்ற தொலைந்த நாடகத்துக்கு இப்படி ஒரு தாள் மிஞ்சியிருக்கிறது. 1597 ஜூனில் ரோஸ் அரங்கில் அது நடந்ததற்குப் பேரேட்டில் வசூல் வரியும் உண்டு. வசனம் தெரியாது, ஆனால் யார் யார் என்ன வேடம் போட்டார்கள் என்று தெரியும். ஒரு காட்சியில் காவலர்கள் வேண்டியிருக்கிறது. போதிய ஆளில்லை. வாசலில் நின்று காசு வாங்குகிறவர்களையே மேடைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். முழுப் பிரதி கிடைத்திருந்தால்கூட இந்தச் செய்தி அதில் இருந்திருக்காது.

அப்புறம், புதிதாக இறங்குகிறவர்கள் வழுக்கி விழும் சில இடங்கள். அந்தக் கால இங்கிலாந்தில் கணக்குக்குப் புது ஆண்டு மார்ச் 25இல்தான் பிறக்கும். பேரேட்டில் '1597 ஜனவரி' என்று இருந்தால் நம் கணக்கில் அது 1598. இதைக் கவனிக்காவிட்டால் டெக்கரின் ஃபேதன் ஓர் ஆண்டு முந்திப் போய்விடும். சில வசூல் வரிகளின் பக்கத்தில் 'நெ' (ne) என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். புதிய நாடகம் என்பது பலர் சொல்லும் பொருள். ஆனால் பழைய நாடகத்தைத் திருத்தி எடுத்தபோதும் அதைப் போட்டிருப்பதாகத் தெரிகிறது. அதனால் அதை மட்டும் நம்பி ஒரு நாடகத்தின் பிறந்த நாளைக் குறிக்கக் கூடாது.

பெயர்களும் ஏமாற்றும். ஹென்ஸ்லோ 1594இல் 'பெலெண்டன்' என்று ஒரு நாடகத்தைக் குறிக்கிறார். ஊரா, ஆளா, ஒன்றும் பிடிபடாது. அச்சிடுவோர் சங்கத்தின் பதிவேட்டில் 1595இல் ஒரு நீளமான தலைப்பு பதிவாகியிருக்கிறது: ரூஃபஸ் மன்னரின் துன்பியல் கதையும், இங்கிலாந்தில் முதன்முதலாகத் தூக்கிலிடப்பட்ட திருடன் பெலின் டன்னின் வாழ்வும் சாவும். முடிச்சு அவிழ்ந்துவிட்டது. இரண்டு ஏடுகளையும் சேர்த்துப் படிக்காதவர் அதை இரண்டு தொலைந்த நாடகங்களாக எண்ணிவிடுவார்.

எல்லாவற்றையும்விட மோசம், திட்டமிட்ட பொய். 19ஆம் நூற்றாண்டில் ஜான் பேன் காலியர் என்ற ஆய்வாளர் ஹென்ஸ்லோவின் பேரேட்டிலேயே போலி வரிகளைச் செருகினார். 1597இல் அரசின் கோபத்துக்கு ஆளாகித் தொலைந்துபோன 'நாய்கள் தீவு' நாடகத்தைப் பற்றித் தாமஸ் நாஷுக்குப் பணம் கொடுத்ததாக வரும் வரிகள் அவர் கைவேலை. அந்த நாடகம் இருந்தது உண்மை, அதற்காக ஜான்சன் சிறைக்குப் போனதும் உண்மை. ஆனால் அந்த வரிகள் பொய். காலியரைப் படித்த பிறகு, கண்டுபிடிப்பு என்று யார் எதைச் சொன்னாலும் மூலத்தாளின் படத்தைப் பார்க்காமல் நான் நம்புவதில்லை.

இத்தனை தெரிந்த பிறகு, பெயர் பெற்ற ஒரு வரியைப் படித்துப் பாருங்கள். 1594 ஜூன் 9, நியூயிங்டன் பட்ஸ் அரங்கு, 'ஹாம்லெட்', 8 ஷில்லிங். பக்கத்தில் 'நெ' இல்லை, வசூலும் சொற்பம். நாம் படிக்கும் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் 1600ஐ ஒட்டி எழுதப்பட்டது. அப்படியானால் இது அதற்கு முந்திய வேறொன்று. 1589இலேயே நாஷ், கை நிறைய ஹாம்லெட்டுகள், அதாவது துன்பியல் வசனங்கள், எழுதித் தள்ளுகிறவர்களைக் கேலி செய்திருக்கிறார். 1596இல் தாமஸ் லாட்ஜ், அரங்கில் சிப்பி விற்பவளைப்போல 'ஹாம்லெட், பழிவாங்கு!' என்று அலறும் பேயைப் பற்றி எழுதுகிறார். நமக்குக் கிடைத்த ஹாம்லெட்டில் இந்தச் சொற்கள் இப்படியே வருவதில்லை. ஒரு கேலி, ஒரு வசூல், ஓர் அலறல். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று பேர் போட்ட குறிப்புகள், ஒரே தொலைந்த நாடகத்தைச் சுட்டுகின்றன. எழுதியவர் தாமஸ் கிட் என்று பலர் நினைக்கிறார்கள், விவாதம் இன்னும் முடியவில்லை.

தேடுவோருக்குத் தெம்பு தரும் ஒரு சம்பவமும் உண்டு. 1598இல் பிரான்சிஸ் மெரெஸ் என்பவர் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைப் பட்டியலிட்டபோது, 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' பெயருக்குப் பக்கத்திலேயே 'லவ்ஸ் லேபர்ஸ் வன்' என்றும் எழுதினார். அப்படி ஒன்று தனியாக இல்லை, வேறு ஏதோ நாடகத்தின் மறுபெயர் என்று நீண்ட காலம் பலரும் சொல்லிவந்தார்கள். 1953இல் ஒரு பழைய சமய நூலின் அட்டைக்குள் கெட்டியாக வைத்து ஒட்டியிருந்த தாள்கள் வெளியே வந்தன. 1603 ஆகஸ்ட் மாதம் கிறிஸ்டோபர் ஹண்ட் என்ற புத்தக வியாபாரி எழுதிய இருப்புப் பட்டியல். அதில் 'லவ்ஸ் லேபர் லாஸ்ட்', அடுத்து 'லவ்ஸ் லேபர் வன்'. மறுபெயர் என்ற வாதம் அதோடு முழுதாக அடங்கிவிடவில்லை. ஆனால் அந்தப் பெயரில் ஒரு நாடகம் அச்சாகிக் கடைக்கு வந்திருந்தது என்பது தெரிந்துவிட்டது. அச்சானது என்றால் ஒரு பிரதியோடு நின்றிருக்காது, நூற்றுக்கணக்கில் இருந்திருக்கும். அவற்றில் ஒன்றாவது வேறொரு புத்தகத்தோடு சேர்த்துத் தைக்கப்பட்டு, தவறான பெயரில் ஏதோ ஒரு நூலக அலமாரியில் இன்னும் இருக்கலாம்.